உள்பக்கப் பூட்டு

முதலில் மரத்துப்போனது இடது கைச் சுண்டுவிரல். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மகனை வெளியே கூட்டிப்போகும்போது அவனைப் பிடிக்கிற கை அது. அவன் திமிறுவான், இழுப்பான், திடீரென்று நடுத்தெருவில் உட்கார்ந்துவிடுவான். நாள் தவறாமல் இழுபடுகிற கை மரத்துப்போகாமல் என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு மோதிரவிரலும் சேர்ந்துகொண்டது. வேலைக்கு வந்து மேசைமுன் நின்றதும் கையை நன்றாக உதறுவாள். கொஞ்சம் உயிர் வந்த மாதிரி இருக்கும். அத்தோடு மறந்துவிடுவாள்.

ஆயத்த ஆடை கம்பெனி ஒன்றில் அவள் கட்டிங் மாஸ்டர். பெண்கள் என்றால் தையல் மெஷின், இல்லாவிட்டால் செக்கிங். வெட்டுகிற மேசை ஆண்களுக்கு என்பது அங்கே எழுதாத சட்டம். பழைய மாஸ்டர் சொல்லாமல் கொள்ளாமல் வேறு கம்பெனிக்குப் போய்விட்ட ஒரு சீசனில், ஆள் கிடைக்கும்வரை என்று இவளை நிறுத்தினார்கள். ஆள் தேடுவதை அப்புறம் எல்லோரும் மறந்துவிட்டார்கள். இளையவர்கள் அவளை 'மாஸ்டரம்மா' என்று கூப்பிட்டார்கள். மேசை நீளத்துக்குத் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே காகித அச்சை ஒட்டி, கோடு பிசகாமல் மின்கத்தியை ஓட்ட வேண்டும். வலது கை கத்தியைத் தள்ளும். இடது கை அதற்கு முன்னால் துணியை அழுத்திக்கொண்டே போகும். அந்த இடது கைக்குக் கம்பிவலைக் கையுறை உண்டு.

ஒரு நாள் காலர் வளைவில் கத்தி திரும்பும்போது கிரீச்சென்று ஒரு சத்தம். கையுறையிலிருந்து பொறி பறந்தது. எதிரே நின்ற செக்கிங் அக்கா ஓடிவந்து சுவிட்சை அணைத்தாள். அந்தக் கம்பெனியில் அவளுக்கு வாய்த்த ஒரே தோழி இந்த அக்காதான்.

"என்னடி, நின்னுக்கிட்டே தூங்கிட்டியா?"

"இல்லக்கா. கை எங்க இருக்குன்னு எனக்கே தெரியல."

"உன் கை எங்க இருக்குன்னு உனக்குத் தெரியலையா? இது என்னடி பேச்சு?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது வேடிக்கையாகப் பட்டது. சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றி விரல்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தாள். "யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னேன்னு சொல்லுவாங்க. இது மணி. நாளைக்கே போய்க் காட்டிடு."

"ஸ்கூல் நேரம் முழுக்க இங்க நிக்கிறேன். மிச்ச நேரத்துல அவன எங்கக்கா விட்டுட்டுப் போறது?"

எந்தப் பேச்சும் அவளிடம் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து முட்டும்.

மகனை அவள் 'குட்டி' என்று கூப்பிடுவாள். பிறந்தபோது வைத்த செல்லப்பெயர். இப்போது குட்டிக்குப் பதினேழு வயது. அப்பாவைவிட உயரம், மீசை அரும்பிவிட்டது, அவளை ஒரு கையால் தூக்கி ஓரமாக வைக்கிற பலம். பேச்சு வரவில்லை. தனக்கு என்ன வேண்டுமோ அதன்மேல் அம்மாவின் கையைக் கொண்டுபோய் வைப்பான். பிஸ்கட் வேண்டுமென்றால் கை டப்பாவின்மேல். காற்று வேண்டுமென்றால் கை மின்விசிறி சுவிட்சின்மேல். தானே எட்டி எடுக்க முடிந்ததைக்கூட அவள் கையால்தான் எடுப்பான். "தன் கையே தனக்கு உதவின்னு சொல்லுவாங்க. இவனுக்கு என் கையே தனக்கு உதவி" என்று அவள் சொல்வது உண்டு. நினைத்தது நடக்காவிட்டால் கத்துவான். அந்தக் கத்தல் தெருமுனைவரை கேட்கும். அதற்கும் மிஞ்சினால் தன் மணிக்கட்டைத் தானே கடித்துக்கொள்வான். அங்கே தோல் காய்த்துத் தடித்திருந்தது.

அவனுக்குத் தண்ணீர் என்றால் உயிர். சின்ன வயதில் ஒருமுறை கதவு திறந்திருந்த நேரத்தில் நழுவிப்போய், ஊருக்கு வெளியே தண்ணீர் தேங்கிய ஒரு பள்ளத்தின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தான். மாடு மேய்க்கிற ஒருவர் கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டார். அன்றைக்கே அவள் கதவின் உச்சியில் தாழ்ப்பாள் போட்டாள். அவன் வளர்ந்து தாழ்ப்பாளை எட்டிய வருஷம், உள்பக்கம் ஒரு பூட்டுப் போட்டாள். சாவியை ரவிக்கைக்குள் ஊக்கில் குத்திக்கொள்வாள். இன்னொரு சாவி லாரி ஓட்டுகிற கணவரின் கொத்தில் இருந்தது. அந்தக் கொத்து பெரும்பாலும் எங்கோ ஒரு நெடுஞ்சாலையில் இருக்கும்.

கணவர் கெட்டவர் இல்லை. லோடு ஏற்றிக்கொண்டு போனால் வர ஒரு வாரம் ஆகும், பத்து நாள் ஆகும். வந்தால் மகனுக்குத் தலை சீவிவிடுவார். அவன் கத்த ஆரம்பித்தால் செருப்பை மாட்டிக்கொண்டு வண்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று இறங்கிவிடுவார். "ஏன், லாரி உங்களக் காணோம்னு அழுவுதா?" என்று அவள் கேட்பாள். அவர் சிரித்துக்கொண்டே படியிறங்குவார். அந்தச் சிரிப்பைப் பார்க்க அவளுக்குப் பாவமாகவும் இருக்கும், ஓங்கி அறையலாம் போலவும் இருக்கும்.

அவர்கள் இருந்தது மாடி வீடு. கீழே ஒரு வக்கீல் குமாஸ்தாவும் அவர் மனைவியும். குமாஸ்தாவுக்கு நியாயம் என்றால் நியாயம், சட்டம் என்றால் சட்டம். செருப்பு இடம் மாறிக் கிடந்தால்கூட வழக்கு. குட்டியின் கத்தலுக்கு முதல் வருஷம் மேலே வந்து சண்டை போட்டார். இரண்டாம் வருஷம் விளக்குமாற்றுக் கட்டையால் கூரையைத் தட்டினார். அப்புறம் டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கப் பழகிக்கொண்டார். அந்தத் தெருவே அப்படித்தான் பழகிக்கொண்டது. யாராவது புதிதாக வந்தவர்கள் திடுக்கிட்டு நிமிர்ந்தால், "ஒண்ணுமில்ல, மாடி வீட்டுப் பையன்" என்பார்கள்.

கத்தலைப் பொறுத்த குமாஸ்தாவால் தண்ணீரைப் பொறுக்க முடியவில்லை. சாப்பிட்டு முடித்ததும் குட்டி அம்மாவின் கையைக் குளியலறைக் குழாய்மேல் வைப்பான். அவள் திறந்துவிடுவாள். தொட்டி நிறையும்வரை உள்ளே உட்கார்ந்து அளைவான். அந்த நேரம்தான் அவளுக்கு மூச்சுவிட நேரம். ஒரு நாள் சமையலறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவள் அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள். குட்டி வழக்கம்போல் தண்ணீர் போகிற துவாரத்தைத் துணியால் அடைத்திருந்தான். கீழ் வீட்டுக் கூரையிலிருந்து குமாஸ்தாவின் வழக்குக் கட்டுகள்மேல் தண்ணீர் சொட்டியது.

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்னன்னு நீங்க இருக்கலாம்மா" என்று படியில் நின்று கத்தினார். "என் தலைக்கு மேலல்ல போவுது வெள்ளம்!"

வீட்டுச் சொந்தக்காரருக்குச் செய்தி போனது. இன்னொரு தடவை நடந்தால் காலி செய்ய வேண்டியதுதான் என்று அவர் சொல்லிவிட்டார். இப்படி ஒரு பிள்ளையோடு இன்னொரு வீடு தேடுவது என்ன என்று அவளுக்குத் தெரியும். அதற்கப்புறம் குட்டி தண்ணீரில் இருக்கிற நேரத்தில் அவள் உட்காருவதே இல்லை.

கம்பெனியில் ஒரு நாள் நர்ஸ்கள் வந்து எல்லோருக்கும் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். இவளுக்குப் பார்த்த பெண் பட்டையை அவிழ்த்து மறுபடியும் கட்டிப் பார்த்தாள். பிறகு மற்ற கையில் கட்டிப் பார்த்தாள். "அக்கா, தலைவலி இருக்கா? தூக்கம் எப்படி?" என்றாள்.

"தூக்கமா? அப்படி ஒண்ணு இருக்குன்னு கேள்விப்பட்டிருக்கேன்."

"விளையாடாதீங்க. இது இருக்கிற இருப்புக்கு நீங்க நேரா ஆஸ்பத்திரிக்குப் போகணும். இன்னைக்கே."

அன்றைக்கு முடியவில்லை. அந்த வாரக் கடைசியில் குட்டியையும் கூட்டிக்கொண்டே போனாள். டோக்கன் வாங்கி உட்கார்ந்தாள். கூட்டம், பினாயில் வாடை, ஒலிபெருக்கியில் எண் கூப்பிடுகிற சத்தம். குட்டி முதலில் காதைப் பொத்தினான். பிறகு கத்தினான். பிறகு கடித்துக்கொள்ள ஆரம்பித்தான். ஒரு குழந்தை பயந்து அழுதது. "இந்த மாதிரி பையனை ஏம்மா இங்கெல்லாம் கூட்டிட்டு வர்றீங்க?" என்று யாரோ கேட்டார்கள். கேட்டது சரிதான், ஆனால் வேறு எங்கே விட்டுவிட்டு வருவது? அவள் எண் வருவதற்குச் சற்று முன்னால் அவனை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். இழுத்த கை இடது கை. வாசல் தாண்டும்போது அந்தக் கையில் அவன் இருக்கிறானா என்று திரும்பிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அந்த ஆண்டு எல்லாமே ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. குட்டி போகிற சிறப்புப் பள்ளியில், அடுத்த வருஷம் அவனுக்கு வயது தாண்டுகிறது என்று சொன்னார்கள். "நாங்களும் மனுஷங்கதானேம்மா, பெரிய பையன் ஆயிட்டான், சமாளிக்க முடியல" என்றார் ஆசிரியை. அவர் கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தது. திட்டவும் மனசு வரவில்லை.

பள்ளி விடுகிற நேரம் வாசல் பெஞ்சில் அவளோடு ஒரு பெண் வழக்கமாக உட்காருவாள். பூக்கடை வைத்திருந்தவள், அவளுக்கு ஒரே மகள். கலகலவென்று பேசுகிறவள். "நமக்கெல்லாம் சாவுகூட லீவு போட்டுட்டுத்தான் வரணும்" என்று ஒருமுறை சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தாள். ஒரு திங்கட்கிழமை அவள் வரவில்லை, மகளும் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. வாட்ச்மேனிடம் கேட்டார்கள். அவர் கேட்டைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டு பேரும் போயிட்டாங்க" என்றார். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. பெஞ்சில் இருந்த தாய்மார்கள் தங்கள் பைகளை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்கள். மாஸ்டரம்மா அன்று வீட்டுக்கு வந்து பூட்டைப் போட்டபோது, அந்தச் சத்தம் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது.

அது நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில். கணவர் லோடு இறக்கத் தூரத்து ஊரில் காத்திருந்தார். குட்டிக்குச் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். இடது கையில் இருந்த தட்டு கீழே விழுந்தது. அவள் விடவில்லை, கை விட்டது. குனிந்து எடுக்கப் பார்த்தாள். தரை பக்கவாட்டில் எழுந்து வந்து தோளில் மோதியது. வலி இல்லை. வாயின் ஒரு ஓரம் யாரோ நூலால் இழுத்த மாதிரி இருந்தது. "குட்டி" என்று கூப்பிட்டாள். வந்த சத்தம் அந்தப் பேராக இல்லை. நாக்கு தடித்து வாயை அடைத்துக் கிடந்தது. வலது கையை ஊன்றி எழப் பார்த்தாள்; செத்துக் கிடந்த இடது பாதி அவளைத் தரையோடு பிடித்துவைத்தது.

போன் ஹாலில் இருந்தது. சாவி ரவிக்கைக்குள் இருந்தது. கதவு உள்ளே பூட்டியிருந்தது. மூன்றும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தன. மூளை அவ்வளவு தெளிவாக இருந்ததுதான் கொடுமை.

குட்டி சிதறிய சோற்றைப் பொறுக்கித் தின்றான். பிறகு வழக்கப்படி அவளுடைய இடது கையைப் பிடித்துக் குளியலறைப் பக்கம் இழுத்தான். அவள் எழவில்லை. இன்னும் பலமாக இழுத்தான். கத்தினான். அவள் அந்தக் கத்தலைக் கேட்டு முதல்முறையாகச் சந்தோஷப்பட்டாள். கத்துடா, இன்னும் கத்து, ஊர் கேட்கக் கத்து என்று மனதுக்குள் கெஞ்சினாள். அவன் தொண்டை கிழியக் கத்தினான். மணிக்கட்டைக் கடித்துக்கொண்டு கத்தினான்.

கீழே டிவி சத்தம் கூடியது.

அவள் அதைக் கேட்டாள். அந்தத் தெருவில் எத்தனையோ வீடுகளில் அந்த நேரம் ஆட்கள் இருந்தார்கள். ஒருவரும் நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டார்கள். ஒண்ணுமில்ல, மாடி வீட்டுப் பையன்.

குட்டி அவளைத் தரையோடு இழுத்துக்கொண்டு போனான். குளியலறை நிலைப்படியில் அவள் தலை இடித்தது. பாதி உடம்பு உள்ளே, பாதி சமையலறையில். அவளுடைய கையைத் தூக்கிக் குழாயின்மேல் வைத்தான். கை வழுக்கி விழுந்தது. மறுபடி வைத்தான். மறுபடி விழுந்தது. அந்தக் கையை முகத்துக்கு நேராகப் பிடித்து, கெட்டுப்போன பொம்மையைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு என்ன தோன்றியதோ, வாஷிங் மெஷினுக்குப் போகிற ரப்பர் குழாயை இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பில் பிடுங்கிவிட்டான்.

தண்ணீர் பீறிட்டது. துவாரத்தில் துணி அடைத்திருந்தது. அவள் இடது கன்னம் தரையில் இருந்தது. முதலில் காதுக்குள் குளிர்ந்தது. பிறகு வாயோரம் உப்பில்லாத ஒரு ஈரம். அவள் கழுத்தைத் தூக்கினாள், விழுந்தது, தூக்கினாள். தண்ணீர் மூக்கைத் தொட்டபோது அவளுக்கு ஒரு நினைப்பு வந்தது. அதை அவள் அப்போது தடுக்கவில்லை.

குட்டி சிரித்துக்கொண்டு தண்ணீரில் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் அவளுடைய கையை மடிக்கு இழுத்தான். கையோடு தோளும், தோளோடு தலையும் வந்தது. அவள் முகம் அவன் தொடைமேல் கிடந்தது. வாயும் மூக்கும் தண்ணீருக்கு மேலே. அவன் தெரிந்து செய்தானா, கையைத்தான் இழுத்தானா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. தண்ணீர் நிலைப்படியைத் தாண்டிச் சமையலறைக்குள் ஓடியது.

கொஞ்ச நேரத்தில் படியில் தடதடவென்று காலடி. கதவு அதிர்ந்தது.

"என்னம்மா நெனச்சிக்கிட்டிருக்கீங்க? என் வீட்டு லைட்டு வழியா அருவி கொட்டுது! திறங்க கதவ!"

அவள் வாயைத் திறந்தாள். மாடு முனகுவதுபோல் ஒரு சத்தம் வந்தது. குட்டியின் சிரிப்பு அதை மூடிவிட்டது.

"உள்ள இருந்துகிட்டே திறக்க மாட்டீங்களா? சிரிப்பு வேறயா? இருக்கட்டும். இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்."

காலடி இறங்கிப்போனது. வாழ்க்கையில் அவள் கேட்ட சத்தங்களிலேயே பயங்கரமானது அதுதான் என்று பின்னாளில் சொல்லியிருக்கிறாள். ஹாலில் அவள் போன் அடித்தது, வீட்டுச் சொந்தக்காரராக இருக்கும். அடித்து அடித்து நின்றது. மறுபடி அடித்தது.

போனில் வீட்டுச் சொந்தக்காரர், முதலில் மொட்டை மாடிக்குப் போய்த் தொட்டி வால்வை மூடுங்கள் என்று குமாஸ்தாவிடம் சொல்லியிருக்கிறார். குமாஸ்தா முணுமுணுத்துக்கொண்டே மறுபடி ஏறினார். மொட்டை மாடிக்குப் போகிற படி அவர்கள் சமையலறை ஜன்னலை ஒட்டிப் போகிறது. திட்டுவதற்காக ஜன்னலில் எட்டிப் பார்த்தார். தண்ணீரில் இரண்டு கால்கள் தெரிந்தன. ஒரு கால் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவர் குமாஸ்தாவாக நடந்துகொள்ளவில்லை. தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினார். கம்பியைக் கொண்டுவரச் சொல்லிக் கதவை நெம்பினார்கள். நல்ல பூட்டாகப் பார்த்து வாங்கியிருந்தாள்; நிலை பிளந்துதான் அது விட்டது.

ஆம்புலன்சில் குமாஸ்தாவின் மனைவி கூடப் போனார். சைரன் சத்தத்தில் குட்டி மிரண்டு மூலையில் ஒடுங்கிவிட்டான். அவனை யார் பார்த்துக்கொள்வது என்று கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. பூனைக்கு யார் மணி கட்டுவது? கூட்டம் கலைந்தபோது மிச்சமிருந்தவர் குமாஸ்தா ஒருவர்தான். மறுநாள் கணவர் வந்து சேரும்வரை, உடைந்த கதவின்முன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கணவர் வந்து பார்த்தபோது குமாஸ்தாவின் முன்கையில் கடித்த தடம், சட்டையில் கிழிசல். குட்டி அவருடைய உள்ளங்கையைப் பிஸ்கட் டப்பாவின்மேல் வைத்துக்கொண்டிருந்தான்.

"ஒரு நாள் சார்" என்றார் குமாஸ்தா. "ஒரே ஒரு நாள். எனக்கு நெஞ்சு வலிக்குது. அந்தம்மா எப்படி சார் இத்தனை வருஷம்..." முடிக்கவில்லை. பிறகு தொண்டையைச் செருமி, "கூரைக்குச் சுண்ணாம்பு அடிக்கணும், அத அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

அவள் பிழைத்தாள். மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு. கொண்டுவந்து சேர்த்த நேரம் நல்ல நேரம் என்றார்கள். நாக்கு சில வாரங்களில் திரும்பியது. கால் மெல்ல மெல்லத் திரும்பியது. இடது கை பாதிதான் திரும்பியது. பெண் டாக்டர் ஒருவர் ஒளிக்காமல் சொன்னார்: "அழுத்தத்த இப்படியே விட்டீங்கன்னா இது மறுபடி வரும். அடுத்த தடவ இவ்வளவு லேசா வராது."

"எனக்கு ஒண்ணும் ஆகக் கூடாது டாக்டர். எனக்கு அதுக்கு அனுமதியில்ல."

"அதெல்லாம் உடம்புக்குத் தெரியாதும்மா."

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். "தண்ணி மூக்குக்கு வந்தப்போ நான் பயப்படல டாக்டர். நான் போனா அவனும் கூடவே வந்துடட்டும்னு நெனச்சேன். கதவு பூட்டித்தானே இருக்கு, ரெண்டு பேரும் சேந்து போயிடலாம்னு... எனக்கு நிம்மதியா இருந்திச்சி. பெத்தவ நெனக்கிற நெனப்பா அது?"

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இந்த நெனப்பு இதுக்கு முன்னாடியும் வந்திருக்கா?"

"வந்திருக்கு."

"யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

"சொன்னா அவன எங்கிட்டேருந்து பிரிச்சிடுவாங்க."

"பிரிக்க மாட்டாங்க. ஆனா இத வச்சிக்கிட்டு நீங்க தனியா வீட்டுக்குப் போகக் கூடாது. அதுக்கு வைத்தியம் பாக்கிறவங்க இதே ஆஸ்பத்திரியில இருக்காங்க. நாளைக்கு இங்கயே வருவாங்க. உங்க வீட்டுக்காரர்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அவளே சொன்னாள். கணவர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். இந்த முறை வண்டியைப் பார்க்கப் போகவில்லை. போவதற்கு இடமும் இல்லை. வாசலில் செக்கிங் அக்கா இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள். "அண்ணே, லாரிக்கு இன்னொரு டிரைவர் கிடைப்பான். அவளுக்கு இன்னொரு உடம்பு எங்க கிடைக்கும்?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டாள்.

அவர் தூரத்து லோடை விட்டார். உள்ளூரில் சிமெண்ட் மூட்டை ஏற்றுகிற வண்டிக்கு மாறினார். முதல் மாதங்கள் மோசமாக இருந்தன. அவருக்கு மகனைத் தெரியவில்லை. மகனுக்கு அவர் கையைப் பிடிக்கவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு ஒரே வீட்டில் இருந்தார்கள். ஒருமுறை தலையைச் சுவரில் மோதிக்கொண்டிருந்த குட்டியைத் தடுக்கப்போய் அவருக்குப் பல் ஒன்று ஆடிப்போனது. அன்று அவர் படியில் உட்கார்ந்து அழுததைக் குமாஸ்தா பார்த்தார். ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்துபோனார். கூரைக்குச் சுண்ணாம்பு அடித்த கூலியை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொண்டார். புதுக் கதவுக்கும் பூட்டு உண்டு. ஆனால் வெளியிலிருந்தும் திறக்கிற பூட்டு. ஒரு சாவி குமாஸ்தாவிடம், ஒன்று செக்கிங் அக்காவிடம்.

கம்பெனி அவளைக் கத்தியிலிருந்து எடுத்துவிட்டது. உட்கார்ந்தபடியே துணியில் அச்சு வரைகிற வேலை கொடுத்தார்கள். அவள் வரைந்த கோட்டின்மேல் வேறொருவன் கத்தி ஓட்டுகிறான். அவன் கை வளைவுக்குப் பக்கத்தில் போகிறபோதெல்லாம் அவள் பார்வையைத் திருப்பிக்கொள்வாள். மாத்திரை மூன்று வேளை. மனசுக்கு வைத்தியம் பார்க்கிற பெண்ணிடம் மாதம் ஒருமுறை போகிறாள். அந்த நினைப்பு அடியோடு போய்விட்டதா என்று கேட்டால், போகவில்லை என்றுதான் சொல்வாள். வந்தால் முன்போல உள்ளே வைத்துப் பூட்டிக்கொள்வதில்லை. அக்காவுக்குப் போன் செய்கிறாள். அக்கா எந்த வேலையில் இருந்தாலும் எடுக்கிறாள். பள்ளியில் இன்னும் ஒரு வருஷம் கெஞ்சி வாங்கியாயிற்று. அதற்குப் பிறகு என்ன என்று யாருக்கும் தெரியாது. அப்பா அம்மா இரண்டு பேரும் போன பிறகு அவனுக்கு என்ன என்பதை அவர்கள் வீட்டில் இன்னும் வாய்விட்டுப் பேசவில்லை. அது சாப்பாட்டு நேரத்தில் மூன்று பேரோடு நான்காவது ஆளாக உட்கார்ந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அரை நாள் அவள் வெளியே போக வேண்டும் என்பது டாக்டரின் கட்டளை. முதல் ஞாயிறு எங்கே போவதென்று தெரியாமல் தெருமுனை வரை போய் நின்றாள். பிறகு வந்த பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

"எங்கம்மா போகணும்?" என்றார் கண்டக்டர்.

"இந்த பஸ் எது வரைக்கும் போகுமோ அது வரைக்கும். அப்புறம் இதுலயே திரும்பி வரணும்."

அவர் ஒருமாதிரி பார்த்துவிட்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். ஜன்னலோர சீட் கிடைத்தது. கடைகள் போயின, ஒரு மைதானம் போனது, யாரோ கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். பிடிக்கிற கை காலியாக மடியில் கிடந்தது. மடியில் வைத்திருந்த போனை எடுத்துப் பார்த்தாள். ஒரு அழைப்பும் இல்லை. எல்லாம் நன்றாக இருக்கிறது என்றும் அர்த்தம் கொள்ளலாம். கூப்பிட முடியாத நிலை என்றும் கொள்ளலாம். அவளுக்கு இரண்டாவதுதான் முதலில் தோன்றியது.

பாலம் ஒன்றைத் தாண்டும்போது போன் அடித்தது. கணவர். திரையில் அந்தப் பெயர் நடுங்கிக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள்.

"சொல்லுங்க."

"அவனோட பச்சைத் துண்டு எங்க இருக்கு? நீலத்தக் குடுத்தா வீசியெறியறான்."

"பீரோ மேல. மடிச்சு வச்சிருக்கேன்."

"சரி" என்றார். பின்னால் குட்டியின் கத்தல் கேட்டது. வைத்துவிடுவார் என்று நினைத்தாள். அவர் வைக்கவில்லை. "எங்க இருக்க?"

"பாலத்துக்கிட்ட."

"அவசரமில்ல. மெதுவா வா" என்றார்.

பஸ் திரும்பியது. அவள் போனைக் கைப்பையில் போடாமல், திரையை மேல்பக்கமாகத் திருப்பி மடியிலேயே வைத்துக்கொண்டாள்.